பஸ்ஸுக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதற்காக குலிசார் அக்காவின் வேலை போகப் பார்த்தது. சொன்னால் சிரிப்பீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துருக்கியில் அதானா நகரை ஒட்டிய எங்கள் விமானத் தளத்தில் துருக்கியர் நாங்கள் பாதி, அமெரிக்கர்கள் பாதி. அவர்களுடைய சாப்பாட்டுக்கூடத்தில் அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பாத்திரம் கழுவும் வேலை. நான் பஸ் ஓட்டுகிறவன். பணி முடிந்து ஊர் திரும்பும் வீரர்களை விமானம் வரை கொண்டுபோய் விடுவேன். பஸ் கிளம்பியதும் அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பின்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வீசி ஊற்றுவாள். பயணம் போகிறவர் தண்ணீர் ஓடுவதுபோலத் தடங்கலில்லாமல் போய்ச் சேரட்டும் என்று எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் நாங்கள் சொந்தபந்தத்துக்கு ஊற்றுவோம். இவள் ஒரு பஸ்ஸையும் விடமாட்டாள்.

"அக்கா, அதுல பாதிப் பேரு உன் மூஞ்சியே பாத்ததில்ல."

"தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா? வண்டிய எடுடா."

போன கோடையில் புதிதாக ஓர் அமெரிக்கக் காவல் அதிகாரி வந்தார். முதல் வாரமே, ஒரு பெண் ராணுவ வண்டிமேல் எதையோ வீசுவதைப் பார்த்துவிட்டார். விசில் பறந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் குப்புறப் படுத்தார்கள். அக்காவைக் கொதிக்கும் தார் ரோட்டில் மண்டியிட வைத்து, அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாவிட்டால் வேலை இல்லை. புருஷன் இறந்துபோன வீட்டில், மகள் நஸ்லியின் நர்சிங் படிப்பும் இல்லை.

நான்காம் நாள் விசாரணை. எங்கள் கேப்டன் மொழிபெயர்த்தார், நான் சாட்சி. வழக்கம் இன்னதென்று அதிகாரிக்குப் புரிந்தது. மனிதர் மோசமில்லை. ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது: முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு?

அக்கா தரையைப் பார்த்தாள். "மனசு சொல்லுச்சு, ஊத்தினேன்."

கேப்டன் மறுபடி இரண்டு தடவை கேட்டும் அதே பதில்தான். முடிவை எழுத அதிகாரி பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான் சொல்றேன். நஸ்லி பொறந்தப்ப இவங்களுக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரில அந்த வகை ரத்தமே இல்ல. இங்கேருந்து பதினோரு அமெரிக்கப் பசங்கள நான்தான் பஸ்ல ஏத்திட்டுப் போனேன். வரிசையாப் படுத்துக் கைய நீட்டுனாங்க. நாப்பது நாள் கழிச்சு அக்கா வேலைக்கு வந்தா, அந்தப் படைப்பிரிவே ஊருக்குக் கெளம்பிப் போயிருச்சு. பேரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. யாருக்குன்னு ஊத்துவாங்க? அதான் எல்லாருக்கும் ஊத்துறாங்க."

கேப்டன் மொழிபெயர்த்து முடித்தார். அதிகாரி பேனாவை மூடினார். எழுந்து நின்று, அட்டையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். இனி ஊற்றுவதற்கு முன் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அதச் சொல்லி வேலைய வாங்கிக்கவாடா இத்தன வருஷம் ஊத்தினேன்? அவங்க குடுத்தத நானே வித்துத் தின்ன மாதிரி ஆயிருச்சே!"

கண்ணீர் வழிய வழியத் திட்டினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், வருத்தமே இல்லை. முதுகு இரண்டு நாள் வலித்தது. பதினோரு பேர் ரத்தமல்லவா, அடி பலமாகத்தான் விழும். எங்கே இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.