உள்ளே வந்த ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டு ரேஷன் கார்டு மஞ்சள். அதை எப்படியாவது சிவப்பாக மாற்றிவிட வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். சிவப்புக் கார்டு என்றால், இவர்கள் இல்லாதவர்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மாதாமாதம் உதவிப் பணம் வரும். மஞ்சளுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. நான் சவூதியில் ஒரு சமையல்கட்டில் வேலை பார்த்த காலத்தில் கணக்கெடுக்க வந்தவர்கள், வெளிநாட்டுச் சம்பாத்தியம் என்று மஞ்சளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முழங்கால் தேய்ந்து நான் ஊர் திரும்பிவிட்டேன். கார்டின் நிறம் திரும்பவில்லை.

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே வாடா போட ஆரம்பித்தேன். அரிசி மாவில் வெங்காயமும் தேங்காயும் சேர்த்துத் தட்டி, நடுவில் ஓர் இறாலைப் பதித்து எண்ணெயில் பொரிப்பது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் பொழுது அடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் தீர்ந்துவிடும். தீராத நாளும் உண்டு. மழை நாளில் அடுப்பே எரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூச்சம் வேறு. கூவி விற்க வராது. எண்ணெய் வாசனைதான் எனக்காகக் கூவும்.

மனைவிக்குச் சர்க்கரை. மாத்திரை வாங்கி வரும் நாளெல்லாம் ஒரே பேச்சு.

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்த அடுப்புக்கு முன்னால நிப்பீங்க? காலு ஒத்துழைக்கணுமே. அப்பறம் யாரு இருக்கா நமக்கு?"

"அல்லாஹ் இருக்கான்."

"இருக்கான். கார்டும் இருந்துட்டுப் போவட்டுமேங்கிறேன்."

அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. அதே பயம் எனக்கும் இருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மனைவியின் தம்பிக்கு நாலு பேரைத் தெரியும். மனுப் போட்டதும் அவர்தான். ஒருநாள் வந்து, "மச்சான், நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. உங்ககிட்ட வண்டியும் இல்ல, ஏசியும் இல்ல. அந்த ஃபிரிட்ஜ் ஒண்ணுதான் கண்ணை உறுத்துது. காலையிலயே தூக்கி எதிர்வீட்டு லாத்தாகிட்ட வச்சிடுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். என் வாயில் 'சரி' என்பது சீக்கிரம் வந்துவிடும். மறுப்பது வராது.

மறுநாள் காலையில் மச்சானும் நானும் ஃபிரிட்ஜைத் தெருவைக் கடந்து தூக்கிப் போனோம். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா; தனியாக இருக்கும் வயதான பெண்மணி. அவர் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே இரண்டு ஃபிரிட்ஜ்கள் நின்றன. எங்கள் தெருவில் விசாரணை என்றால் இதுதான் வழக்கம்.

"வாங்க தம்பி, இது மூணாவது. இன்னும் ரெண்டு வந்தா வாசல்ல போர்டு மாட்டிப்புட்டு நான் வியாபாரத்துல உக்காந்துடுவேன்" என்றார் லாத்தா. பிறகு, "ஆனா பிளக்கு ஒண்ணுதான் இருக்கு. அதுல பக்கத்து வீட்டு ஆட்டுக்கறி ஓடிக்கிட்டு இருக்கு" என்றார்.

மீன் விற்கும் பட்டினச்சேரி அம்மா கொண்டுவந்து கொடுத்த அன்றைய இறால் எங்கள் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. கொஞ்சம் ஐஸ் போட்டு மூடிவிட்டு வந்தேன். விசாரணை முடிந்ததும் மச்சான் காரைக்காலுக்குப் போக வேண்டும் என்றார். விசாரணைதான் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். வெயில் ஏறியது. நண்பகல் லுஹர் பாங்கு கேட்டது.

பள்ளிவாசலில் தொழுது முடித்துக் கையேந்தினேன். தினமும் கேட்பதுதான்: யா அல்லாஹ், அன்றாடத்துக்குக் குறை வைக்காதே, யார் வாசலிலும் என்னை நிற்க வைக்காதே. அன்று அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வேண்டியதை அவன் காலையிலேயே கொடுத்துவிட்டான். இறாலும் கொடுத்தான், அதைக் காக்கிற பெட்டியும் கொடுத்தான், பொரிக்கிற கையும் கொடுத்தான். அவன் கொடுத்ததைத் தூக்கி எதிர்வீட்டில் ஒளித்துவிட்டு, எனக்கு ஒன்றுமே கொடுக்கப்படவில்லை என்று இன்னொருவரிடம் சொல்லக் காத்திருக்கிறேன். இறால் அங்கே கெட்டுக்கொண்டிருக்கிறது. ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தேன்.

"ஃபிரிட்ஜைக் கொண்டாந்துடலாம்" என்றேன் மனைவியிடம்.

"பைத்தியமா உங்களுக்கு? இப்ப வந்துடுவாங்க."

"வரட்டும்."

"கேஸ் தீர்ந்தா? மாத்திரை தீர்ந்தா? அல்லாஹ் வந்து சிலிண்டர் மாட்டுவானா?"

"படியளக்கிறவன் அவன். அடுப்புக்கு முன்னால நிக்கிறது என் வேலை. அதை நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவு பேச்சு என் வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். முறைத்துக்கொண்டே வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இன்னொரு பக்கம் நான். "பாத்து, பாத்து" என்று பின்னாலேயே லாத்தா. முழங்கால் கெஞ்சியது. வாசல்படியில் ஃபிரிட்ஜைச் சாய்த்து மூச்சு வாங்கியபோது, கையில் காகிதங்களோடு ஓர் இளம்பெண் வந்து நின்றார். விசாரணை.

"இது யாருதுங்க?"

மனைவி என்னையே பார்த்தாள். எதிர்வீட்டு லாத்தாவுடையது என்று சொல்லியிருக்கலாம். லாத்தாவே சொல்லத் தயாராக வாயைத் திறந்தார்.

"எங்களோடதுதாங்க" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "காலையிலேருந்து பாக்குறேன், எல்லா வீட்டுலயும் வெளிய போவுது. உங்க வீட்டுலதான் உள்ள வருது" என்றார். பிறகு சிரிப்பை அடக்கி, "உள்ளதை எழுதித்தான் ஆவணும், அண்ணே" என்றார்.

"எழுதுங்கம்மா."

கார்டு மஞ்சளாகவே இருக்கிறது.

அன்று இறாலில் பாதியை முகர்ந்து முகர்ந்து தூரப் போட வேண்டியிருந்தது. மீதியை மனைவி ஓடு உரித்துக் கொடுத்தாள். அஸர் முடிந்து, பிஸ்மி சொல்லி அடுப்பைப் பற்றவைத்தேன். வாடா வழக்கத்துக்குப் பாதிதான். எதிர்வீட்டு லாத்தாவுக்கு இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "நாளைக்கு இறாலைக் கொஞ்சம் கூடவே எடுங்க" என்றாள் மனைவி. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கு என்றாள்.

பயமும் போய்விடவில்லை. படியில் ஏறும்போதெல்லாம் முழங்கால் ஞாபகப்படுத்துகிறது. அரசாங்கத்திலிருந்து வருவது வந்தால் வரட்டும், வாங்கிக்கொள்வேன். அதை நம்பி என் அடுப்பை அணைக்க மாட்டேன். அன்றைக்கு ஃபிரிட்ஜை அடுப்படிக்குள் தள்ள எனக்குத் தெம்பில்லை. வாசலுக்கு நேரே வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி.