காஷ்மீரி கேட் படம்

செவ்வாய்க்கிழமை காலை, திருவேங்கடத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது, சண்முகவேல் அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினியிடமிருந்து போன் வந்தது. "உங்க அண்ணாச்சி போயிட்டாக தம்பி. தூக்கத்துலயே..." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன்.

விசைத்தறிச் சங்க அலுவலகத்தில் சண்முகவேல் அண்ணாச்சிக்குப் பக்கத்து மேசை என்னுடையது. தறிக்காரர்களிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தின் கதை பலருக்குத் தெரியாது.

அவருடைய ஒரே மகன் கண்ணன் டெல்லிக்கு வேலைக்குப் போனான். ஒரு ஞாயிறு, வீடியோ காலில் பழைய கோட்டைவாசலைக் காட்டினான். "யப்பா, ரெண்டு வாசல் சேந்தாப்புல இருக்கு பாருங்க. காஷ்மீரி கேட்டுன்னு பேரு." அந்த வாரமே சாலை விபத்தில் இறந்துபோனான். அதன்பின் அவன் பெயரைக் கேட்டாலே மதினி மயங்கி விழுவார். அண்ணாச்சி மகனின் போட்டோக்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை.

பிறகொரு சமயம் மதுரையில் ஒரு பழம்பொருள் கடையில் அதே வாசலைப் படமாகப் பார்த்தார். வெள்ளைக்காரர் காலத்தில் உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்டது. குண்டு பட்டு மேல்சுவர் சிதைந்திருக்கும். வளைவுகளுக்கு முன்னால் ஆளில்லாத வெறும் தரை. கடையில் நின்றபடியே அழுததை என்னிடம் மட்டும் சொன்னார். மதினியிடம், "பழைய படம், சும்மா கெடக்கட்டும்" என்று சொல்லி மாட்டிவிட்டார்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, மதினி அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்த இடிஞ்ச வாசலை எதுக்கு மாட்டி வச்சிருக்கிய? கழட்டிருவமா?"

அண்ணாச்சி எழுந்து மதினி பக்கத்தில் போய் நின்றார். பிறகு, "கண்ணன் அங்கன நின்னுதான் கடைசியாப் பேசுனான்" என்றார்.

மதினியைப் பிடித்துக்கொள்ள எழுந்தேன். அவர் விழவில்லை. படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "எந்த வாசல்கிட்ட நின்னான்?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பீரோ திறந்தது. தெருமுனை வரை என்னோடு வந்த அண்ணாச்சி, "அவளைக் காப்பாத்துதேன்னு நெனச்சேன் வே. இத்தன நாளும் அவளைத் தனியா அழ விட்டிருக்கேன்" என்றார்.

அந்தச் சொல்தான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியது. செவ்வாயன்று வந்தவர்கள் மதினியிடம் சாப்பிடச் சொன்னார்கள், படுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து ராத்திரி அண்ணாச்சி என்ன பேசிக்கிட்டு இருந்தாக மதினி?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.