தாத்தா வாங்கித் தந்த பட்டம்

எங்கள் அடுக்குமாடியில் பிறந்தநாள் வந்தால் பிள்ளைகள் இரண்டு விஷயத்துக்குக் காத்திருப்பார்கள். ஒன்று, கேக் வெட்டுவது. மற்றது, எதிர்வீட்டுப் புவனேஸ்வரன் ஐயா வராமல் இருப்பது.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் அவருக்கு நல்ல பெயர். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பின் தமிழ் மன்றத்துக்குச் செயலாளர். தலைவர் ஊரில் இல்லாததால் தலைவரும் அவரே. பரிசு என்றால் பயன்பட வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் மாடிப் பையனுக்குக் கனமான அகராதி ஒன்றைக் கொடுத்தார். அது வீண் போகவில்லை. மின்விசிறி சுவிட்சை எட்டுவதற்கு அவன் இன்றும் அதன்மேல்தான் ஏறுகிறான்.

அவருடைய இன்னொரு கட்சி, கலப்பில்லாத தமிழ். பேச்சின் நடுவில் மலாயோ ஆங்கிலமோ வந்தால் "என்ன?" என்பார். மறுபடி சொன்னாலும் "என்ன?" என்பார். காது நன்றாகவே கேட்கும். தமிழ்ச் சொல் வரும்வரை கேட்காது, அவ்வளவுதான். கீழே அப்துல் ரஹீம் கடையில் ஒரு முறை வழலைக்கட்டி கேட்டு, வெல்லக்கட்டி வாங்கி வந்தார். சோப்பு என்று சொல்லி மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வெல்லம் போட்ட தேநீர் குடித்தார். குளித்தாரா, தெரியவில்லை.

இந்தக் காதுக்குப் பயந்து, மகன் வீட்டுப் பையன்கள் இருவரும் அவர் ஃபோன் வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்கள். மிச்சம் இருந்தது மகள் ஜெகதீஸ்வரியின் பெண் மட்டும்தான். தாசேக் கெலுகோர் என்ற ஊரில் இருக்கிறாள். மகிழினி என்று பெயர் வைத்தவரே அவர். பள்ளியில் எல்லாரும் மகிலினி என்கிறார்கள். அவள் ஒருத்திதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கூப்பிட்டுப் பேசுவாள். அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் அவர் எழுந்து வரமாட்டார். அவள் நிறுத்திவிட்டால், அவரைக் கூப்பிட்டுப் பேச வேறு யாரும் இல்லை, மலிவு வட்டியில் கடன் தருகிறோம் என்பவர்களைத் தவிர.

நான் வீட்டில் இருந்தபடி துணி தைப்பவள். ஒரு திங்கட்கிழமை காலை அவர் என் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, பேத்திக்கு ஏழு வயது ஆகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். 'பட்டம் வேணும் தாத்தா, நூலும் நிறைய வேணும்' என்கிறாள். பட்டமும் நூலும்! கைப்பேசி கேட்கவில்லை, பொம்மை கேட்கவில்லை!"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். பட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது, கறுப்பு அங்கி போட்டு எடுத்து வீட்டுக்கு வீடு மாட்டி வைத்திருக்கும் படங்கள்தான். குழந்தையின் உயரம் என்ன என்று கேட்டேன்.

கறுப்பு சாட்டினில் அங்கி, ஓரத்துக்கு ஊதா. தொப்பிக்குள் கேக் பெட்டி அட்டையை வைத்துத் தைத்து, மஞ்சள் குஞ்சம் தொங்கவிட்டேன். நூல்களை அவரே தேடி வாங்கினார்: உலக வரலாறு, மனித உடல், மேடையில் பேசுவது எப்படி.

செய்தி மாடி மாடியாக ஏறியது. மூன்றாம் மாடியில் ஒரு தாய், "அவள பாரு, டிகிரி கேக்கறா. நீ ரோபோ கேக்கற. வெக்கமா இல்ல?" என்று மகனைத் திட்டியது என் தையல் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மகள் குடும்பத்தோடு வந்து சேர, விருந்து எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, கேக் காத்திருக்க, ஐயா ஒலிபெருக்கியைப் பிடித்து, இனத்தின் எதிர்காலம் ஏழு வயதில் விழித்துக்கொண்டது என்று பேசினார். பிறகு பெட்டியைக் கொடுத்தார்.

மகிழினி அங்கியை வெளியே எடுத்தாள். அதை உதறிப் பார்த்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, பட்டம் எங்க?"

"இதுதான் கண்ணு பட்டம்."

"இது சட்டை."

தொப்பியைக் கண்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. நாலு மூலை இருக்கிறது, வாலும் இருக்கிறது. குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினாள். தொப்பி தரையில் இடித்து இடித்துப் பின்னால் வந்தது.

"பறக்கல தாத்தா. நூல் பத்தல."

"நூலா? பெட்டி நிறைய இருக்கிறதே!"

குழந்தை உலக வரலாற்றைக் கையில் எடுத்தாள். "இது புக்கு!" என்றவள் ஓவென்று அழுதாள். "லாயாங்-லாயாங் தாத்தா! நான் லாயாங்-லாயாங் கேட்டேன்!"

கூடம் சிரித்தது. மருமகன் சுகுமாரன்தான் அதிகம் சிரித்தார். "மாமா, நீங்க தந்தது டாக்டர் பட்டம். அவ கேட்டது வால் வெச்ச பட்டம் லா."

"சிரிக்காதீங்க," என்று ஜெகதீஸ்வரி கணவனை அடக்கிவிட்டு அப்பாவிடம் வந்தாள். "மலாய்ல லாயாங்-லாயாங்னு சொன்னா உங்களுக்குக் காது கேக்காதுன்னு, டீச்சர்கிட்ட கேட்டுத் தமிழ்ல மனப்பாடம் பண்ணாப்பா. குளிக்கும்போதுகூட பட்டம், நூல்னு சொல்லிக்கிட்டு இருந்தா."

ஐயா மறுபடி ஒலிபெருக்கியை எடுத்தார். "அன்பார்ந்தவர்களே, ஒரு சொல் பல பொருள் தருவது நம் மொழியின் சிறப்பு..."

மேசைக்கு அடியிலிருந்து மகிழினியின் குரல் வந்தது. "இனிமே தாத்தாவுக்கு ஃபோன் பண்ண மாட்டேன்."

அவர் பேச்சு நின்றது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெரிய மனிதருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒலிபெருக்கியைக் கேக்கின் பக்கத்தில் வைத்துவிட்டு அப்துல் ரஹீம் கடைக்குப் போனார். ஐஸ் வாங்கப் போவதுபோல் நானும் பின்னால் போனேன்.

"தம்பி, பட்டம் இருக்கிறதா?"

அப்துல் ரஹீம் சிரித்தார். "பட்டத்துக்கு யுனிவர்சிட்டிதான் போவணும்ணே. நம்மகிட்ட மைலோ டின்தான் இருக்கு."

"அது இல்லை. வானத்தில் விடுவார்களே. நூல் கட்டி."

"ராக்கெட்டா? தீவாளிக்குத்தான் வரும்."

ஐயா கையை உயர்த்தி ஆட்டிக் காட்டினார். ரஹீம் கொசு மட்டையை எடுத்து நீட்டினார். ஐயா கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"என்னண்ணே? ஃபேன் சத்தத்துல கேக்கல."

"லாயாங்-லாயாங்!" என்று கத்தினார் ஐயா.

கூடம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

கடையில் மீன் படம் போட்ட பிளாஸ்டிக் பட்டம் ஒன்று இருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் மகிழினி நூலைப் பிடித்தாள். ஐயா மீனைத் தலைக்குமேல் தூக்கி, கொடியேற்றத்தில் நிற்பவர்போல் நின்றார்.

"லாரி, தாத்தா! லாரி!"

மோதிவிடப் போகிறதே என்று அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி இல்ல தாத்தா! மலாய் லாரி, ஓடறது! ஓடுங்க லா!"

பாத்தேக் சட்டையும் காலில் பளபளக்கும் சப்பாத்துமாக அவர் ஓடினார். தட்டோடு வந்த விருந்தினர்கள் வழி விட்டார்கள். மீன் முதல் மாடியைத் தாண்டியது, இரண்டாம் மாடியைத் தாண்டியது, மூன்றாம் மாடியில் யாரோ காயப்போட்டிருந்த காற்சட்டைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது.

மகிழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து, "இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க," என்றாள்.

மூச்சு வாங்கியபடி அவர் மறுபடியும் கடைப் பக்கம் ஓடினார்.