ஒன்பதாம் நாள் பூக்கும் வெள்ளைப் பூ

பெட்டிக் கேமரா என் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜொகூர் பாருவில் நான் எடுத்த செம்பருத்திகள் எல்லாம் படத்தில் கரித்துண்டுகளாக வந்தன. என்னிடமிருக்கும் படச்சுருளுக்குச் சிவப்பு என்றாலே கறுப்புதான். வெள்ளைப் பூ ஏதாவது அகப்படாதா என்றிருந்தபோது நண்பர் மாணிக்கம் கடிதம் போட்டார். குளுவாங்கை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸர் அவர். வெள்ளிக்கிழமை அங்கே பெருமழையாம். அதிலிருந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மரங்களில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட் எல்லாம் ஒன்றாகப் பூக்கும், மாலையில் வாடிவிடும் என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ரயில். ஐந்தேகாலுக்குக் குளுவாங். அங்கிருந்து காஹாங் சாலையில் ஆறு மைல். வாடகைக் காருக்குக் கூலியாக ஒரு வெள்ளி கொடுத்தேன். இரவு மாணிக்கம் வீட்டில் தங்கினேன்.

காலையில் கதவைத் திறந்ததுமே வாசனை. சாலையோர மரங்களில் வெள்ளை வெள்ளையாக எங்கும் பூ. ஏழரை முதல் ஒன்பது வரைதான் நல்ல நேரம்: வெயில் சாய்வாக விழும், காற்று இருக்காது. பெட்டிக் கேமராவில் வெறுமனே கிட்டப் போனால் பூ மங்கிவிடும். லென்ஸின்மேல் மாட்டும் கண்ணாடி ஒன்று தனியாக விற்கிறது. அதை மாட்டினால் சரியாக மூன்றடியில் தெளிவு வரும். மூன்றடி நூல் ஒன்றைக் கையோடு வைத்து அளந்துகொண்டேன். சுருளில் எட்டுப் படம். ஏழு முடிந்தது.

அப்போதுதான் லெட்சுமி வந்தார். ரப்பர்ப் பால் இறக்கப் பால்மரம் வெட்டுபவர். ரப்பர் விலை விழுந்ததால் தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். அவரும் கணவரும் வியாழக்கிழமை ஊருக்குக் கப்பலேறப் புறப்படுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன், முறிந்து விழுந்த கிளையிலிருந்து இந்த ஆர்க்கிட் செடி ஒன்றை எடுத்து, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசல் மாமரத்தில் தேங்காய் நாரால் கட்டியிருக்கிறார். முதன்முதலாக அன்றுதான் பூத்திருந்தது.

“ஒரு படம்தான் மிச்சம்னு டிரெஸர் ஐயா சொன்னாரு. அதுல எங்க செடிய எடுப்பீங்களா?”

கடைசிப் படத்தை வேறொரு கொத்துக்கென்று ஒதுக்கியிருந்தேன். இருந்தாலும் மறுக்க மனம் வராமல் மாமரத்தடிக்குப் போய் நூலைப் பிடித்தேன். அவர் தடுத்தார்.

“அவ்வளவு கிட்டப் போனா பூ மட்டும்தானே தெரியும்? எங்க வாசல்ல பூத்துச்சுன்னு ஊர்ல யாருங்க நம்புவாங்க?”

தள்ளி நின்றால் பூ பொரி அளவுக்குத்தான் வரும் என்றேன்.

“சின்னதா தெரிஞ்சா பரவால்லீங்க. வாசல் தெரியணும்.”

உண்மையைச் சொன்னால் எரிச்சலாகத்தான் இருந்தது. பூப்படம் எடுப்பதைப் பற்றி எனக்கே பாடமா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்தடி பின்னால் போனேன். செடிமேல் நிழல் விழுந்தது. அவரே ஓரமாக நின்று மாங்கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டார். கேமராவை முக்காலிமேல் வைத்து, மூடியைத் திறந்து இரண்டு எண்ணி மூடினேன். எடுக்கும் முன் படத்தில் நிற்கச் சொன்னதற்கு, அவரும் அருகே வந்து நின்ற கணவரும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

திங்கள் மாலை கழுவிப் பார்த்தேன். கிட்டப் போய் எடுத்த ஏழில் ஐந்து மங்கல். எட்டாவது பளிச்சென்று இருந்தது: பூ, மரம், வீட்டுக் கதவு, வாசலில் இரண்டு பானை, ஓரத்தில் கிளையைப் பிடித்த ஒரு கை. அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே படத்தை மாணிக்கத்துக்குத் தபாலில் சேர்த்தேன்.

புதன்கிழமை மாணிக்கம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். லெட்சுமி நெடுநேரம் பார்த்தாராம். பூ நன்றாக வந்திருக்கிறது, அந்தக் கை எதற்கு என்று மட்டும் கேட்டாராம். பிறகு புதுச்சேலை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினாராம்.

போக நினைப்பவர்கள் பெருமழை பெய்த நாளைக் குறித்து வைத்து, எட்டாம் நாளே போய்த் தங்கிவிடுங்கள். இரண்டு சுருள் வேண்டும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் இடதுபக்கம் முதல் லயம். மாமரம் சாலையிலிருந்தே தெரியும். அந்த மாமரத்தடிக் கடைசி வீட்டில் இப்போது யாரும் இல்லை. அனுமதி கேட்கக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.