எட்டு மணிப் பாய்கள்

“...நித்திரை கொள்ளுறது குற்றமெண்டால் அது என்ர குற்றம் ஐயா, பிள்ளையளின்ர இல்லை” என்றார் பெரிய டீச்சர். எதிரே கல்வி அதிகாரி நின்றார். பின்னால் ஓலைப்பாய்களில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மணியடிக்கும் இரும்புக் கம்பி என் கையில் இருந்தது. “அடியுங்கோ மாஸ்டர், எல்லாம் எழும்பட்டும்” என்று அதிகாரி ஏற்கெனவே எனக்கு உத்தரவிட்டிருந்தார்.

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரே மண்டபமாக இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. அறுபதுகளின் நடுப்பகுதி. தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்று அழைத்தது. வயதில் அவர் எனக்கு இளையவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் சாமான் இறக்கிக்கொண்டே கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, பரீட்சை எழுதி, உதவி ஆசிரியனாக வந்து சேர்ந்தேன். யார் என்ன கதைத்தாலும் காது கொடுத்துக் கேட்பது என் பழக்கம். அந்த ஊர்ச் சனம் சொன்னதெல்லாம் இன்றைக்கும் அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது. மறந்துபோனால் நல்லது என்று நினைப்பவையும் இருக்கின்றன.

கரைவலை இழுக்கும் ஊர். விடியற்புறம் வலைக்கயிற்றைப் பிடிக்கப் பொடியன்களும் போவார்கள். பெண்பிள்ளைகள் மீனைக் கூடையில் சுமந்து கருவாடு காயப்போடும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்குக் கிடைக்கும் ஒரு கை மீன்தான் அன்றைக்கு வீட்டுக் கறி. அதனால் போகவேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஈர உடுப்போடு எட்டு மணிக்கு வந்து வாங்குப் பலகையில் இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தலை சாயும். முன்பிருந்த தலைமையாசிரியருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பிரம்பு. நானும் அடித்திருக்கிறேன். அடித்தால் கண் திறக்கும், படிப்பு ஏறாது.

பெரிய டீச்சர் வந்த புதிதில் ஒரு வாரம் தினமும் விடியற்புறம் கடற்கரையில் போய் நின்றார். கடைசி நாள் தானே கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டு வந்து, சிவந்த உள்ளங்கையை என்னிடம் காட்டினார். “எனக்கே நித்திரை தூக்குது மாஸ்டர். அதுகள் என்ன செய்யும்?” அடுத்த கிழமை பாய்கள் வந்தன. வலைக்குப் போன பிள்ளைகள் முதற்பாடம் முழுக்க உறங்கலாம். பிறகு முகம் கழுவி, சூடாகப் பிளேன்ரீ குடித்து, விட்ட பாடத்தை அவரிடம் படிக்கவேண்டும்.

ஊர் சிரித்தது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் பள்ளிக்கூட வாசற்படலையில் நின்று, “டீச்சரம்மா, என்ர ஆக்களுக்கும் ரெண்டு பாய் போடுங்கோவன்” என்றார். ஒரு தாய் நேரே வந்து, “கிடந்தெழும்ப வீட்டில இடமில்லையெண்டோ பள்ளிக்கூடம் அனுப்பினனான்?” என்று கேட்டாள். இரண்டு மாதம் கழித்து அதே தாய் வேறு முறைப்பாட்டோடு வந்தாள். “என்ர மகள் இவள், சாமான் சுத்தின பேப்பரையும் விடுறாளில்லை, எழுத்துக் கூட்டிக்கொண்டு இருக்கிறாள். அடுப்பு மூட்ட ஒரு துண்டு மிச்சமில்லை.” சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது கோபமல்ல.

அப்படியொரு காலையில்தான் முதல் பஸ்ஸில் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். “இதென்ன பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ?” என்றார். பெரிய டீச்சர் சொன்ன பதிலைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். சொல்லிவிட்டு அவர் என்னை ஒருதரம் பார்த்தார். கம்பியை நான் கீழே வைத்திருக்கலாம். என் நிரந்தர நியமனத்துக்கு அந்த அதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன்.

அந்தப் பள்ளித் தவணை முடியவே பெரிய டீச்சரைக் கந்தளாய்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். எனக்கு நியமனம் கிடைத்தது. பின்னாளில் தலைமையாசிரியனாகவும் ஆனேன். எட்டு மணிக்கு மணி, எட்டு மணிக்கே பாடம். என் காலத்தில் எந்தப் பிள்ளையும் வகுப்பில் உறங்கியதாக ஒரு குறிப்பும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு உறங்கினார்கள், அவ்வளவுதான். பாய் போட எத்தனையோ தடவை நினைத்தேன். நாளைக்கு, அடுத்த தவணைக்கு என்று தள்ளித் தள்ளியே ஓய்வு வயதும் வந்துவிட்டது. துணிவில்லாமல் வேலை பார்ப்பதும் ஒரு களைப்பு. அது நித்திரையால் தீருவதில்லை.

அன்றைக்கு நான் அடித்த மணிச்சத்தத்தில் பிள்ளைகள் அலறிப் புடைத்து எழுந்தார்கள். பேப்பரில் எழுத்துக் கூட்டும் அந்தப் பெண்பிள்ளை கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் கூடையைத் தடவித் தேடினாள். “வலை வந்திட்டுதோ? வலை வந்திட்டுதோ?” என்றாள். பெரிய டீச்சர் எங்களைத் தாண்டிப் போய் அவளருகில் முழந்தாளிட்டார். “இல்லையடி பிள்ளை, இன்னும் வரேல்லை. நீ படு” என்று அவளைத் திரும்பப் படுக்க வைத்தார். பிறகு, யன்னல் வெயில் அவள் முகத்தில் விழாதபடி, எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.