ஏறுகிற வண்டிக்கு வழி

முருகையாவின் ஆள்காட்டி விரல் என் ஜீப்பில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. முருகையா பின்சீட்டில் இருந்தான். ஆறு மணி நேரத்துக்குள் இரண்டையும் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஒட்டவைக்கலாம் என்று பீர்மேட்டு டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்ததால், அந்தப் பொறுப்பு எஸ்டேட் ஜீப் டிரைவரான என் தலையில் விழுந்தது.

தேயிலை ஃபாக்டரி மெஷினில் கையைக் கொடுத்தவன் அவன். நடுங்கியது நான். "லேய், நீ மயங்கி விழுந்தா வண்டிய யாரு ஓட்டுவா?" என்று அவன்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தான்.

மலையில் கவலையில்லை. ஹெட்லைட் போட்டு, ஜன்னலில் வெள்ளைத் துண்டு கட்டி, ஹாரனில் கை வைத்தால் எல்லாரும் ஒதுங்குவார்கள். என் ஜீப்பைத் தெரியாதவன் அங்கே கிடையாது. எர்ணாகுளத்தில் என்னை எவனுக்குத் தெரியும்? அந்த நினைப்பிலேயே மூளை ஆஃப் ஆகிவிட்டது.

எர்ணாகுளம் ஊருக்குள் ஒரு குறுகலான மேம்பாலத்தில் இறங்கும்போது எதிரே பஸ் ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். இருபது வருஷப் பழக்கம். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பஸ் போனது. பின்னாலேயே கார், லாரி, மறுபடி பஸ். நானும் மரியாதையாக நின்றுகொண்டே இருந்தேன்.

"அண்ணே, எதுக்கு நிப்பாட்டுனீய?" என்றாள் முருகையாவோடு பின்சீட்டில் இருந்த அவன் மனைவி செல்லத்தாய்.

"ஏறி முடிக்கட்டும்மா."

"ஊரே ஏறுது! எப்ப முடியும்?"

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். திட்டு வாங்கத் தயாராகத் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் துண்டைப் பார்த்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"பேஷண்டா? என்டெ பின்னாலே வா, சேட்டா!"

ஆட்டோ முன்னால் பாய்ந்தது. அவர் கை ஆட்ட ஆட்ட பைக்குகள் விலகின; சிக்னலில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தினார். ஆஸ்பத்திரி வாசலைக் காட்டிவிட்டு அவர் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

"பேரு கூடக் கேக்கலியே" என்றாள் செல்லத்தாய். மலையில் நாங்களும் உதவுகிறவர்கள்தான். ஆனால் எஸ்டேட்டில் எந்த டிவிஷன், யார் மகன் என்று விசாரிக்காமல் எங்களுக்குக் கை எழும்பாது.

புது டிரைவர்கள் எந்த சிட்டி நல்ல சிட்டி என்று கேட்டால், ஷாப்பிங் மால்களையும் மெட்ரோவையும் நான் சொல்வதில்லை. உன்னைத் தெரியாதவன் உனக்கு வழிவிடுகிறானா பார். விட்டால், அங்கே தைரியமாக வீடு எடு.

விரல் ஒட்டிவிட்டது. ஆனால் பாதிதான் மடங்கும். ஃபாக்டரி கேட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முருகையா அதைத்தான் நீட்டுவான்.

"மடங்காத மீதிப் பாதி, நீ பாலத்துல நின்னதுக்கு, லேய்!"