கழுத்தில் முறிந்த துப்பாக்கி

அப்பாவின் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போன மதியம், என் அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று துப்பாக்கியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆண்டிமடத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். துப்பாக்கி தாத்தா வாங்கி அப்பா கைக்கு வந்தது, இரட்டைக்குழல். முந்திரி காய்க்கும் மாதங்களில் அப்பா அதோடுதான் தோப்பில் கிடப்பார்.

“மூத்தவன் நான். எனக்குத்தான்” என்றார் அண்ணன்.

“அப்பாவோட காவக் கெடந்தது யாரு? நீயா?” என்றான் தம்பி.

அண்ணன் கையில் குழல். தம்பி கையில் மரக்கட்டை. இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவி ஆட்டுக்கல்லின் விளிம்பில் விழுந்தது. கட்டையின் கழுத்து, விசைக்குப் பின்னால் மெலிந்து வரும் இடம், முறிந்துபோயிற்று. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

பொறுக்கியது நான். அப்பா செய்வதைப் பார்த்திருந்ததால் குழலை மடித்துத் திறந்தேன். வலது குழலில் ஒரு சிவப்புத் தோட்டா இருந்தது.

அதை உருவி எடுத்து வைத்துக்கொண்டேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் வயிற்றுக்கு நேரே இருந்தது குழலின் வாய். தம்பியின் விரல் எங்கே இருந்தது என்றே திரும்பத் திரும்ப யோசித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் ஆட்டுக்கல்லில் மரம் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

என்னைக் கட்டிக்கொடுத்திருந்தது ஜெயங்கொண்டத்தில். முறிந்த துப்பாக்கியைக் கோணியில் சுற்றி அங்கேதான் கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று அவர்தான் விசாரித்து வந்தார்.

“ஒடஞ்சதக் கொண்டு போனா எப்படி ஒடஞ்சதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?” என்றார்.

“ஒட்டிக் கொண்டு போறேன்.”

“இரும்புப் பக்கம் நான் வர மாட்டேன்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

தையல் மெஷினுக்கு வைத்திருந்த பெரிய திருப்புளியால் நானே திருகாணியைக் கழற்றி இரும்பையும் மரத்தையும் பிரித்தேன். இரும்பைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு துண்டு மரத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி பையைத் திறந்து பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். “ஆள வுடும்மா. லப்பைக்குடிக்காட்டுல ஒருத்தர் இருக்காரு, நுணுக்க வேலையெல்லாம் பாப்பாரு. அங்க போ.”

அரியலூரில் பஸ் மாறிப் போனேன். வெறும் மரம்தான். ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோதெல்லாம் பையை மடியோடு அழுத்திக்கொண்டேன்.

அந்த ஊரில் பாதி ஆண்கள் அரபு நாட்டில். அவர்கள் அனுப்பும் பணத்தில் எழும்பும் வீடுகளுக்குக் கட்டில், பீரோ செய்துகொண்டிருந்தார் ஆசாரி சொன்னவர். நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில். துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இரும்பு எங்கம்மா?”

“வூட்டுல.”

“அப்ப இது வெறும் கட்டைதான். ஒட்டலாம். இன்ஷா அல்லா.”

முறிந்த வாயில் உளியே வைக்கவில்லை. செதுக்கினால் மரத்தின் நரம்பும் நரம்பும் பொருந்தாதாம். ஊசி முனையால் அழுக்கை மட்டும் எடுத்தார். உள்ளே துளை போட்டு ஒரு பித்தளைக் கம்பியை இறக்கினார். வச்சிரப் பசையைக் காய்ச்சி இரண்டு வாயிலும் தடவிச் சேர்த்து, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றினார்.

“மூணு நாளு தொடக் கூடாது.”

“சுட்டா தாங்குமாங்க?”

“தாங்கும். யாரு சுடப்போறா?”

வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

மூன்று நாள் என்றால் மூன்று நாள் என்று இருக்க முடிந்ததா? மறுநாளே போய் நின்றேன். “இப்ப அவுத்தா திரும்பப் புட்டுக்கும்மா. வூட்டுக்குப் போங்க” என்று சத்தம் போட்டார். வெயிலில் திரும்பி வந்தேன். நான்காம் நாள் ரப்பரை அவிழ்த்தபோது, கழுத்தில் முடி கிடப்பதுபோல ஒரு கோடு மட்டும் இருந்தது.

இரும்பில் பூட்டி, தோட்டாவோடு ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். ரைட்டர் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார். கட்டையை யாரும் பார்க்கவில்லை.

வாரிசுகள் ஒருவர் பெயருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் துப்பாக்கி வெளியே வரும். அண்ணனிடம் போனேன். “அவன் மொதல்ல போடட்டும்” என்றார். தம்பியிடம் போனேன். “அவரு போடட்டும், பொறவு பாக்கலாம்.” இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஆறு மாதம் அந்த வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன்.

ஒரு நாள் அலுத்துப்போய்த் தம்பியிடம் கேட்டேன். “எம் பேருக்குன்னா போடுவியா?”

சிரித்தான். சிரித்துக்கொண்டே போட்டான். அண்ணனும் போட்டார். எனக்குக் கொடுக்கும் ஆசையில் இல்லை. அடுத்தவனுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பைக் காட்டி மனு போட்டேன். தாலுகா ஆபீசில் ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “சுடத் தெரியுமாம்மா?” என்றார்.

“தெரியாதுங்க. கத்துக்கறேன்.”

லைசென்ஸ் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. துப்பாக்கி வீட்டுக்கு வந்தால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. தினமும் பீரோவைத் திறந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பேன். தாங்குமா, தாங்காதா என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

முந்திரி பழுத்த சமயம், ஒரு சாயங்காலம் தோப்புக்கு எடுத்துப்போனேன். தோட்டா போட்டு, தோளில் முட்டுக்கொடுத்து, மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். காது அடைத்துப்போனது. தோளில் உலக்கையால் இடித்ததுபோல வலி. கட்டை அப்படியே இருந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் ஒரு பக்கமிருந்தும் தம்பி ஒரு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “என்னா புள்ள, அடி கிடி பட்டுச்சா?” என்றார். தம்பி என் தோளைப் பார்த்து, “வீங்கிரும்க்கா. நல்லெண்ண தடவு” என்றான். தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை.

துப்பாக்கியைக் கோணியில் சுற்றித் தம்பி தூக்கிக்கொண்டான். அவன் முன்னால், நான் நடுவில், அண்ணன் பின்னால். ரோட்டோரப் புளிய மரம் வரைக்கும் அப்படியே வந்தோம். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி உட்கார்ந்ததும் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் புளிய மரத்தடியிலேயே நின்றிருந்தார்கள். தம்பி குனிந்து செருப்பை உதறிக்கொண்டிருந்தான். அண்ணன் அவனைப் பார்த்து ஏதோ சொன்னது போல இருந்தது. சொன்னாரா, கொட்டாவிதான் விட்டாரா, தெரியவில்லை. வளைவு திரும்பி மரம் மறையும்வரை கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.